அந்தோனியாருக்கு நேர்ந்த அப்பிள்

அப்பிளைக் கையில் எடுத்தவுடன் கிளடிஸ் அக்கா அதைத் தலைகீழாகத் திருப்பிவிடுவார். பூ உதிர்ந்த அடிக்குழிக்குள் பெருவிரலை விட்டு, ஆழமா மேலோட்டமா, வாய் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். பிறகு காம்பு. பிறகு மணம். கடைசியாகக் காதடியில் வைத்து ஒரு குலுக்கு. ரொறன்ரோவின் மில்லிக்கன் பிளாசாவில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் அன்புராசா இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர்.

"அக்கா, உது அப்பிள். தேங்காய் இல்லை."

அக்கா நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். "முகத்தைப் பாத்து ஒண்டும் சொல்லேலாது தம்பி. முகத்தின்ரை நிறம் வெயில் குடுத்தது. அடி தாய் குடுத்தது."

பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போனாலும் இதே கதைதான். மற்றவர்கள் எல்லோரும் முகத்தைப் பார்த்து, தகப்பனை உரித்து வைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அக்கா பிள்ளையின் காதுமடலை மெல்லத் திருப்பி, கால்விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு, தாயின் தாய்மாமன் பெயரைச் சொல்வார். அனேகமாகச் சரியாக இருக்கும். பிழையாகிப்போனால், "பொறுங்கோ, வளரட்டும்" என்பார்.

ஐம்பதைத் தாண்டியவர். குள்ளம். மகன் போட்டுக் கழித்த ஜாக்கெட்டைத்தான் எந்தக் காலத்திலும் போட்டிருப்பார். அதன் இரண்டு பைகளும் தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்றில் செபமாலையும் மடக்குக் கத்தியும். மற்றதில் உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து முடிந்த சின்னப் பொலித்தீன் பை. புளிப்பான காய் எங்கே எப்போது கண்ணில் படும் என்று யாருக்குத் தெரியும்.

வேலை, ஸ்காபரோவில் 'அப்பிள் பை' என்ற பணியாரம் செய்யும் பக்ரறி ஒன்றில். பெல்ற்றில் ஓடிவரும் பழங்களில் அடிபட்டதையும் அழுகியதையும் பொறுக்கி எறிவது. எல்லாம் ஒரே முகம், ஒரே அளவு. ஒருநாள் அந்தக் கூட்டத்தின் நடுவே மேலெல்லாம் சொரசொரவென்று உருளைக்கிழங்குத் தோல் மாதிரி ஒன்று உருண்டு வந்தது. எறியச் சொன்னார்கள். அக்கா எறியவில்லை. ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, கணவர் பஸ்ரியனுக்கு முன்னால் வைத்து, இது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். பஸ்ரியன் தொலைக்காட்சியில் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார். அன்று தொடங்கிய வியாதி.

வியாதி என்றாலும் புதியது அல்ல. அதற்கு முன்பு மனிதர்களிடம் இருந்தது, பிறகு மரங்களுக்கும் தொற்றியது, அவ்வளவுதான். ஸ்டீல்ஸ் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு தமிழ்ப் பிள்ளை வந்து இருந்தால் போதும், "பிள்ளை எவடம்?" என்று தொடங்குவார். ஊர் வரும். ஊரிலிருந்து ஒழுங்கை வரும். ஒழுங்கையிலிருந்து கிணற்றடி வரும். அந்தப் பிள்ளை அமிர்தநாதர் வாத்தியாரின் தங்கச்சியின் பேத்தி என்று கென்னடி வீதி வருமுன் நிலைநாட்டிவிடுவார். 'அன்ரி' என்று சொல்லிக்கொண்டு வந்திருந்த பிள்ளை, 'போட்டு வாறன் மாமி' என்று இறங்கிப்போகும். ஒரு ஆளை யாரென்று தெரியாமல் எப்படிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பது என்பது அக்காவின் கேள்வி.

இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் மில்லிக்கனில் இல்லை. தொண்ணூற்றைந்து ஐப்பசி முடிவில் அந்தச் சிரிப்பு நின்றது. இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணத்துச் சனம் வீடுவாசலைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தபோது, ரொறன்ரோவில் இருந்த பிள்ளைகளுக்குத் தங்கள் தாய் தகப்பன் யார் வீட்டு விறாந்தையில் படுத்திருக்கிறார்கள் என்று தெரியாது. ஆனால் எந்தக் குடும்பம் எங்கே பெண் எடுத்தது, எங்கே கொடுத்தது என்று கிளடிஸ் அக்காவுக்குத் தெரியும். தொலைபேசி ஓயவில்லை. "உன்ரை அம்மான்ரை சித்தப்பா மிருசுவில்லையெல்லே கலியாணம் முடிச்சவர்? வேறை எங்கையும் தேடாதை, அங்கை விசாரி" என்பார். அப்படி விசாரித்துத் தாயைக் கண்டுபிடித்தவர்கள் இன்றைக்கும் நத்தார்த் திருநாளுக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சைவக்காரரும்தான்.

மரங்களுக்கு வருவோம். மில்லிக்கனும் அதற்கு வடக்கே உள்ள இடங்களும் அண்மைக்காலம் வரை பண்ணைகள். பண்ணையை உடைத்து வீடு கட்டினவர்கள் எல்லா மரத்தையும் தறிக்கவில்லை. பெற்றோல் நிலையத்துக்குப் பின்னால், ரயில் பாதை ஓரத்தில், யாரோ ஒருவரின் வேலிக்கு இந்தப்பக்கம் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிழட்டு அப்பிள் மரங்கள் நிற்கின்றன. வைத்தவர்கள் போய்விட்டார்கள். பெயரும் அவர்களோடு போய்விட்டது. ஞாயிறு பூசை முடிந்தால் பஸ்ரியன் காரை ஓட்ட, அக்கா கண்ணாடியோடு முகத்தை வைத்துக்கொண்டு வருவார். "நிப்பாட்டுங்கோ" என்றால் நிற்பாட்டவேண்டும். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தாலும் நிற்பாட்டவேண்டும்.

பெயர் சொல்வதற்கு ஒருவர் இருந்தார். யூனியன்வில் பக்கத்துச் சனிக்கிழமைச் சந்தையில் பழம் விற்கும் வோல்ட்டர் என்ற வெள்ளைக்காரர். வடக்கே பெரிய தோட்டக்காரர். பழைய சாதி மரங்களின் கொப்பை வாங்கி ஒட்டி வளர்ப்பது அவருக்கு ஆசை. அப்பிள் விதையைப் போட்டால் மரம் வரும், ஆனால் தாயைப் போலக் காய்க்காது, தாயின் கொப்பை வெட்டி ஒட்டினால்தான் அதே பழம் வரும் என்று அவர்தான் சொன்னார். அக்காவுக்கு ஊரில் நின்ற ஒட்டு மாமரம் நினைவுக்கு வந்தது. அப்படியென்றால் ஒரே பெயருள்ள மரம் எங்கே நின்றாலும் எல்லாம் ஒரே ஆள்தானே என்று கேட்டார். வோல்ட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓம் என்றார். ஒரே ஆள், பல இடத்தில் குடியிருக்கிறார். இதைக் கேட்ட அன்று அக்காவுக்கு வீட்டில் சமையல் ஓடவில்லை.

பெற்றோல் நிலையத்து மரம் 'ஸ்நோ' என்று அக்கா சொன்னது சரி. வெட்டினால் உள்ளே தேங்காய்ப்பூ மாதிரி வெள்ளை. ரயில் பாதை மரத்தைப் பற்றி அவர் சொன்னது படுபிழை. அது யாரோ ரயிலில் போனவன் கடித்து எறிந்த கொட்டையில் முளைத்தது என்று வோல்ட்டர் சிரித்தார். அக்கா அதற்கும் அசரவில்லை. "தகப்பன் பேர் தெரியாது. பாவம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் அவர் வீட்டு வரிசைக்குப் பின்னாலேயே ஒரு மரம் நின்றது. அதுதான் அவரைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது.

அடி கோணி, வயிற்றில் பொந்து விழுந்து, ஒருபக்கக் கொப்பு செத்துப்போன மரம். காய் கொஞ்சம் நீளமாக, அடி ஒடுங்கி இருக்கும். அக்கா ஒவ்வொரு ஆவணியிலும் பறித்து, அடியைத் தடவி, உப்புத்தூளில் தொட்டுக் கடித்து, முகத்தைச் சுழித்து, இது கடைகளில் விற்கும் டெலிசியஸின் வழி தவறிய பிள்ளை என்று சொல்லிவந்தார். சொல்லும்போதே மனம் ஒப்பாது. பழுத்ததைப் பார்த்தால் தெரியும். ஆனால் அந்த மரத்தில் பழுத்த பழத்தை ஒருவரும் கண்டதில்லை. பழுக்க விட்டால்தானே.

அதற்குக் காரணம் நாலு வீடு தள்ளி இருந்த மங்கையற்கரசி. ரொறன்ரோவில் விற்கிற மாங்காய் புளிக்காது, புளிக்கிறது விலை. அந்த மரத்துக் காயை நீளவாக்கில் பிளந்து, உப்பிட்டுக் காயவைத்து, கடுகும் வெந்தயமும் சேர்த்து மங்கையற்கரசி போடும் ஊறுகாய்க்கு மொன்றியல்வரை ஆள் உண்டு. அதைப் பார்த்து மற்றவர்களும் தொடங்க, ஆவணி பிறந்தால் ஏணியும் வாளியுமாக மரத்தடி திருவிழாதான். புரட்டாதியில் மரத்தில் இலை மட்டும் நிற்கும். இந்தக் கதையில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் காய் ஊறுகாய்க்குத் தோதானது என்று முதன்முதல் மங்கையற்கரசிக்குச் சொன்னதே கிளடிஸ் அக்காதான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடியில் வீட்டு வரிசை நிர்வாகத்தின் ஆட்கள் வந்து, தறிப்பதற்கு அடையாளமாக மரத்தின் அடியில் செம்மஞ்சள் மையால் ஒரு புள்ளடி போட்டுவிட்டுப் போனார்கள். குளிர் முடிந்து, வருகிற சித்திரையில் அந்த இடத்தில் விருந்தினர் கார் விட இடம் செய்யப்போகிறார்களாம். அக்கா அடுத்த சனிக்கிழமையே சந்தைக்குப் போய், வோல்ட்டரின் மேசையில் ஒரு பச்சைக்காயை வைத்தார்.

வோல்ட்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தக் கோலத்தில் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னார். அவருடைய தகப்பன் காலத்தில் அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் 'ஷீப் நோஸ்' என்று ஒன்று இருந்தது. ஆட்டு மூக்கு மாதிரி நீண்ட பழம். ஐப்பசி முடிவில் கறுத்த சிவப்பாக வரும். உள்ளே விதை அறை பெரிது. நன்றாகப் பழுத்தால் விதைகள் கழன்று, குலுக்கும்போது கிலுகிலு என்று கேட்கும். அவர் அதைப் பல வருடமாகத் தேடுகிறார். மரத்தில் பழுத்த ஒன்றைக் கொண்டுவா, விதை சத்தம் போட்டால் பங்குனியில், மரம் அறுக்கும் வாள் வருமுன், நானே வந்து கொப்பு வெட்டிக்கொண்டு போய் ஒட்டுகிறேன் என்றார். சத்தம் போடாவிட்டால் அது கொட்டையில் முளைத்த மரம். அப்படியானதுகளுக்கு அவரிடம் நிலம் இல்லை.

ஆகவே ஒரு பழம் வேண்டும். ஒன்றே ஒன்று, ஐப்பசி முடியும்வரை மரத்தில் நிற்கவேண்டும்.

ஆவணி பிறந்தது. மங்கையற்கரசி ஏணியோடு வந்தார். உச்சிக் கொப்பை விட்டுவிடுங்கோ அக்கா, பழுத்து விதை குலுங்கினால் சந்தை வெள்ளைக்காரர் கொப்பு வெட்டி ஒட்டுவார் என்று கிளடிஸ் கேட்டார். உச்சியில்தான் வெயில், அங்கேதான் நல்ல காய், அதோடு பெறாமகளின் கலியாண வீட்டுக்கு ஊறுகாய் சொல்லிப்போட்டேன் என்று மங்கையற்கரசி ஏணியில் ஏறிக்கொண்டே பதில் சொன்னார். "உந்தப் புளியன் பழுத்தென்ன, பழுக்காட்டி என்ன கிளடிஸ்? எப்பிடியும் தறிக்கப்போறாங்கள்."

கை உச்சிக் கொப்பை எட்டிவிட்டது. கிளடிஸ் அக்காவின் வாயில் அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது.

"தொடாதேங்கோ. உது அந்தோனியாருக்கு நேர்ந்தது."

மங்கையற்கரசியின் கை நெருப்பில் பட்டதுபோல் திரும்பி வந்தது. ஊரில் முதல் காய்க்கும் பலாவிலோ மாவிலோ ஒரு காயைக் கோவிலுக்கென்று நேர்ந்து, துணி சுற்றிவிட்டால் கள்ளனும் தொடமாட்டான். அந்தோனியார் வேறு, காணாமற்போனதைத் தேடித் தருகிறவர். சைவக்காரரும் மெழுகுதிரி கொளுத்துகிறவர். மங்கையற்கரசி ஏணியில் நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கினார். அன்று பின்னேரமே அக்கா பழைய நைலோன் காலுறைகளை வெட்டி, உச்சிக் கொப்பில் இருந்த காய்களுக்கு ஒவ்வொன்றாக மாட்டிக் கட்டினார். பஸ்ரியன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளுக்குக் குல்லாப் போட்டதுபோல் இருக்கிறது என்றார்.

செய்தி வரிசை முழுவதும் பரவியது. ஏணிகள் எல்லாம் அந்தக் கொப்பைச் சுற்றிக்கொண்டு போயின. ஆனால் அணிலுக்குச் சமயம் இல்லை. அது காலுறையோடு சேர்த்துத் தின்றது. சிலதைக் காற்று கொட்டியது. சிலதுக்குள் புழு. ஐப்பசிக் கடைசியில், முதல் உறைபனி விழுந்த காலை, ஒரேயொரு காலுறை மட்டும் கொப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. நைலோனுக்கு ஊடாகப் பார்த்தால் உள்ளே கறுத்த சிவப்பு.

அக்கா ஏணியில் ஏறினார். கத்தியைப் பையிலிருந்து எடுத்தார். கீழே நின்ற பஸ்ரியன் ஒரு வார்த்தை கேட்டார்.

"இஞ்சேரும், உது ஆற்றை பழம்?"

அக்கா திரும்பிப் பார்த்தார்.

"அந்தோனியாருக்கு நேர்ந்ததெண்டு ஊர் முழுக்கச் சொன்னனீர் எல்லே. இப்ப நீர் வெட்டித் தின்னப்போறீரோ?"

அக்கா ஏணியிலேயே நின்றார். அது மங்கையற்கரசியைத் தடுக்கச் சொன்ன சொல்தான். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். பங்குச் சுவாமியாரிடம் கேட்டால் பரவாயில்லை, வெட்டுங்கோ என்பார். அது தெரிந்ததால்தான் அக்கா அவரிடம் போகவில்லை. நேர்ந்தவர் சுவாமியார் இல்லையே. கத்தியை மடக்கிப் பையில் போட்டார். இரண்டு கையாலும் பழத்தை ஏந்தி, காம்பைத் திருகி, முட்டை இறக்குவதுபோல் இறக்கினார்.

வெட்டக்கூடாது, சரி. ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தால் என்ன என்று பஸ்ரியனே மனம் இரங்கிக் கேட்டார். "குலுக்கிக் கேட்டாலும் அனுபவிச்சதுதான்" என்றார் அக்கா. பழத்தைப் பஞ்சு வைத்த பெட்டிக்குள் வைத்து, மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போகாமல் இரண்டு நாள் இருந்தார். அப்பிளை எடுத்தால் குலுக்காமல் வைக்கத் தெரியாத கை அது. ஞாயிறு பூசைக்குப் போகும்போது பெட்டி மடியில். வேகத்தடை வரும்போதெல்லாம் "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டு போனார்.

தமிழ்ப் பூசை முடிந்தபின் மண்டபத்தில் நேர்த்திப் பொருட்களை ஏலம் கூறுவார்கள். பின்வளவில் காய்த்த பூசணி, புடலங்காய், யாரோ சுட்ட கேக். அவற்றோடு ஒரு அப்பிள். நேர்ந்தவர் தானே கேட்பது அழகில்லை, அவர் வீட்டாரும் கேட்கக்கூடாது என்பது அக்காவின் தாய்வழிச் சட்டம். ஆகையால் அது யார் கைக்குப் போகுமோ, அந்த வீட்டுப் பிள்ளை காரில் ஏறுமுன் கடித்துவிடுமோ என்று அக்கா நாற்காலி நுனியில் இருந்தார். ஏலம் கூறுகிற இராசரத்தினம் பகிடிக்காரர். அப்பிளைத் தூக்கிப் பிடித்து, "அந்தோனியார் ஆவணியிலையிருந்து காவல் காத்த பழம்" என்று தொடங்கி, அதை ஆட்டிக் காட்டப்போனார்.

கிளடிஸ் அக்கா எழும்பிவிட்டார். "தம்பி, குலுக்காதேங்கோ."

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். முன்வரிசையில் ஒருவர் கேட்டார். நடுவில் ஒருவர் ஏற்றினார். கடைசி வரிசையில் இருந்து ஒரு பெண் குரல் அதற்கு மேலே கேட்டது. முன்வரிசைக்காரர் திரும்பவும் ஏற்றினார். பெண் குரல் திரும்பவும் மேலே. குரல் பழகிய குரலாக இருந்ததால் அக்கா திரும்பிப் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறோடு, கூறைபோல் பளபளக்கும் ஒரு சீலை கட்டி, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மங்கையற்கரசி இருந்தார். முன்வரிசைக்காரர் விட்டுவிட்டார். மூன்றாம் தரம் என்று இராசரத்தினம் மேசையில் தட்டினார்.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் நல்ல குளிர். பஸ்ரியன் காரைச் சூடாக்கிக்கொண்டு உள்ளே இருந்தார். மங்கையற்கரசி பெட்டியைத் திறந்து பழத்தை எடுத்து நீட்டினார். அக்கா கையை நீட்டவில்லை.

"அக்கா, நீங்கள் காசு குடுத்து வாங்கினது."

"ஓம், வாங்கினதாலைதான் தாறன். இப்ப இது அந்தோனியாற்றையும் இல்லை, உன்ரையும் இல்லை, என்ரை." பிறகு வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "மரம் போனால் என்ரை ஊறுகாயும் போச்சு. உன்ரை வெள்ளைக்காரன் கொப்பு வெட்ட வந்தால், எனக்கும் ஒண்டு ஒட்டித் தரச் சொல்லு."

அக்காவின் கை அப்போதும் எழும்பவில்லை. அந்தக் கைதான் நாலு ஆவணி அந்த மரத்தைப் பிழையாகச் சொன்னது. மங்கையற்கரசி தானே பழத்தைத் தூக்கி, கிளடிஸ் அக்காவின் காதடிக்குக் கொண்டுபோனார். காருக்குள் பஸ்ரியன் எஞ்சினை நிற்பாட்டினார்.

மங்கையற்கரசி ஒருமுறை குலுக்கினார். பிறகு இன்னும் ஒருமுறை.

"நீங்களும் கேளுங்கோ" என்றார் அக்கா. மங்கையற்கரசியின் மணிக்கட்டைப் பிடித்து, பழத்தோடு சேர்த்து மெல்லத் திருப்பி, அவருடைய காதுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு தன் கையாலேயே அதைக் குலுக்கினார்.